குழாயை மூடிய மகனுக்கு

தாண்டவா,

ஆசீர்வாதம் என்று தொடங்கட்டுமா என்று இதை எழுதிக் கொடுக்கிறவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இங்கு யாவரும் சௌக்கியம் என்றும் போட வேண்டாம் என்றேன். சௌக்கியமில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, அது உனக்கும் தெரியும், உன் மாமனார் வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும். ஆனால் ஞாபகம் இருக்கிறது. நீ மறக்க நினைப்பதை எல்லாம் நான் சொல்லச் சொல்ல இவர் எழுதுவார். எழுதி முடித்ததும், தபாலில் போடுவதற்கு முன்னால், நம் சந்துக் குழாயடியில் நின்று உரக்கப் படிப்பார். இப்போது நீ இருக்கிற காலடிப்பேட்டையில் இதைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொள். நம் ராயபுரத்துச் சந்தில் இதற்குக் கதவு கிடையாது.

நீ வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. "கெய்வன் வாய மூடிக்கினா கல்யாணத்துக்கு மொத நாளே வூட்டுக்கு வரேன். இல்லாங்காட்டி முகூர்த்த நேரத்துக்கு வந்து தாலி கட்டிட்டுப் போய்க்கினே இருப்பேன்." அதைச் சொல்லும்போது அவனே வெட்கப்பட்டான், என் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வாயை மூட மாட்டேன். மூடுகிறது என் பழக்கமில்லை. மூடினவன் நீ. இந்தச் சந்துக்கு இருக்கிற ஒரே குழாயை, ஒரே ஒரு பீங்கான் ஓட்டுக்காக, பொழுது விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மூடி வைத்தாய். எதிர்வீட்டுச் சவரிமுத்து செத்துக் கிடந்த நாளில் மூடி வைத்தாய். அவனைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டு வந்தபோதும் திறக்கவில்லை. கல்யாணச் சந்தடியில் இது கரைந்துபோகும் என்று நினைக்கிறாய். நான் உயிரோடு இருக்கிறவரை கரையாது.

அந்தக் குழாய் ஏன் சுவரைவிட்டு ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அசிங்கமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் அப்போது குழாய் புதைக்கிற கூட்டத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தேன். நம் சந்துக்கு ஒரு குழாய் தருகிறோம் என்றார்கள், ஆனால் அதைத் தாங்க எந்த வீட்டுக்காரனும் சுவர் தர மாட்டேன் என்றான். சுவர் ஊறிப்போகும், பொம்பளைகள் சண்டை காதில் விழும் என்று ஆளுக்கொரு சாக்கு. நான் நம் பக்கவாட்டுச் சுவரைக் கொடுத்தேன். மேஸ்திரி வந்து சுவரை ஒட்டினாற்போல் குழாயை வைத்துவிட்டுப் போனார். குடம் வைத்தால் குடத்தின் வயிறு சுவரில் இடித்தது. அன்று சாயங்காலம் சவரி வேலை முடிந்து வந்தான். துறைமுகத்தில் கப்பலுக்குக் கரிக்கூடை சுமக்கிறவன், கண்ணும் பல்லும் தவிர மற்றதெல்லாம் கரி. எருமைக்கடா மாதிரி முதுகு. குழாய்க்குக் கீழே உட்கார்ந்தான், தோள் சுவரில் உரசியது, தண்ணீர் அவன் முதுகில் விழாமல் சுவரில் வழிந்தது. திரும்பிப் பார்த்து, "இன்னா மாமு, இந்தத் தண்ணி எனக்கா, உன் செவுத்துக்கா?" என்றான். சந்தே சிரித்தது.

மறுநாள் நான் மேஸ்திரியின் கைகாலைப் பிடித்து ஒரு முழம் குழாயை வாங்கி, தண்ணீர் கசியாமல் இருக்கச் சணல் சுற்றி, சிவப்புச் சாயம் தடவி, முன்னால் நீட்டி முடுக்கினேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, ஆனைத் தும்பிக்கையாட்டம் கீது?" என்றார். "ஆனை குளிக்கணும்ல சாமி" என்றேன். அதிலிருந்து அதற்குத் தும்பிக்கை என்றே பெயர். போகிற வருகிறவன் எல்லாம் அதில் இடித்துக்கொண்டான். நம் சந்து வளையல்காரர் நெற்றி வீங்கி நம் ஏழு தலைமுறையைத் திட்டினார். உன் அம்மா அடையாளத்துக்கு அதன் நுனியில் ஒரு சிவப்புக் கந்தலைக் கட்டி வைத்தாள். ஆனால் தினம் பொழுது சாய்ந்தால் சவரி அதன் கீழே நடுமுதுகு படும்படி சப்பணமிட்டு உட்காருவான், கறுப்புத் தண்ணீர் சந்து முனை வரைக்கும் ஓடும், ஓடி ஓடிக் கடைசியில் வெள்ளையாக வரும்போது எழுந்திருப்பான். நீ குழந்தையாக அந்தக் குழாயில் தொங்குவாய். உன்னைப் பிடுங்கி மடியில் உட்கார்த்திக்கொண்டு குளிப்பான். உன் அம்மா உள்ளேயிருந்து, "வெள்ளையா அனுப்புன புள்ளய ஏன்யா கரியாக்கி அனுப்பற?" என்று கத்துவாள். அந்த மடி யாருடையது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. குழாய் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கும்.

பீங்கான் ஓடு பதிக்கிற வேலையை நீ கற்றுக்கொண்டதில் எனக்குக் குறையில்லை. பெரிய வியாபாரிகள் வீட்டுக் குளியலறைகளில் நீ பதித்த சுவரைத் தடவிப் பார்த்தவர்கள், ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் நகம் மாட்டவில்லை என்று என்னிடமே சொன்னார்கள். நானும் கடைவீதியில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். ஆனால் நீ அந்த வீடுகளிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் உன் மூக்கு சுருங்கிக்கொண்டே வந்தது. சோறு கலீஜ், பாய் கலீஜ், சந்து கலீஜ். கல்யாணம் நிச்சயமானதும் உன் கண் அந்தச் சுவரில் விழுந்தது. நம் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம், சந்தை அடைத்துப் பந்தல், பெண்வீட்டார் உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே பாசி பிடித்த குழாய்ச் சுவர். ஆலை மேஸ்திரி மகளைக் கட்டுகிறவனுக்கு அது பொறுக்குமா? ஜப்பான் ஓடு கொண்டுவந்து இறக்கினாய். எல்லாம் வெள்ளை, ஒன்றே ஒன்றில் மட்டும் சிவப்புத் தாமரை. அந்தத் தாமரை ஓடு குழாய்க்காம். பூவுக்கு நடுவிலிருந்து குழாய் புறப்பட்டு வர வேண்டுமாம்.

குழாய் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் ஓடு எப்படிப் பதிப்பது என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஓட்டை இரண்டாக அறுத்து, இரண்டு பாதியிலும் அரைவட்டம் கொத்தி, குழாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்துச் சேர்த்துவிட வேண்டியது. தண்ணீரை மூட வேண்டியதில்லை. குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. நடுவில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். ஊரான் வீட்டில் எல்லாம் அப்படித்தான் செய்தாய். நம் வீட்டில் மட்டும் அது ஆகவில்லை. முழு ஓட்டில் துளை போட்டுக் குழாய் வழியாக மாட்ட வேண்டுமானால் முனையில் இருக்கிற திருகைக் கழற்ற வேண்டும். திருகைக் கழற்ற வேண்டுமானால் சந்து முனையில் தண்ணீரை அடைக்க வேண்டும். நான் கேட்டேன், "ரெண்டா அறுத்தா இன்னாடா?" நீ என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போல் பார்த்தாய். "பூவ ரெண்டா அறுக்கச் சொல்றியா நைனா? பொண்ணு வூட்டுக்காரங்க காறித் துப்புவாங்க." அப்போதும் நான் உன்னைத் தடுக்கவில்லை. "அப்போ மூடு. ஆனா எல்லா வூட்டுலயும் சொல்லிட்டு மூடு. மொத நாளே ரொப்பி வெச்சுக்கட்டும்" என்றேன். "சரி சரி" என்றாய். அந்த இரண்டு 'சரி'யையும் நான் காதால் கேட்டேன்.

நீ யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதல்நாள் ராத்திரி முழுக்கக் கூட்டம் வந்து தண்ணீர் பிடிக்கும், சுவர் ஊறிவிடும், காலையில் சிமெண்டு பிடிக்காது என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். நான் உன் கல்யாணக் காரியமாகக் காலடிப்பேட்டைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, என் கட்டிலுக்கு அடியில் இருந்த திருகுச் சாவியை எடுத்துப் போய்ச் சந்து முனையில் தண்ணீரை அடைத்தாய். அந்தச் சாவி தண்ணீர்க்காரர்கள் என்னை நம்பிக் கொடுத்தது. என் பேரை வைத்துத்தான் நீ மூடினாய்.

அன்று விடியற்காலை கப்பலுக்குக் கரி ஏற்றி முடித்த கையோடு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்த சவரி எழுந்திருக்கவில்லை. கூட்டாளிகள் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ராத்திரி முழுக்கச் சுமந்த கரி அப்படியே அப்பிக் கிடந்தது. நான் அங்கே இல்லை. ஆனால் உன் அம்மா சொன்னதும், அவன் கூட்டாளிகள் சொன்னதும், பக்கத்து வீடுகளில் சொன்னதும் ஒரே மாதிரி இருக்கிறது. சவரியின் பெண்சாதி ஞானம்மா அழுதுகொண்டே வரவில்லையாம். குடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்கு வந்தாள். நீ அப்போதுதான் தாமரையைக் குழாயில் மாட்டிச் சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றாய்.

"தாண்டவா, கொழாயத் தொற ராசா. ரெண்டு மூணு கொடம் போதும்."

"இப்பதான் அத்தை ஒட்டினேன். தொறந்தா எறங்கிடும். மத்தியானத்துக்குள்ள தொறந்துடறேன்."

"மாமன் அங்க கெடக்கறாருடா."

"தெரியும் அத்தை. கைய எடுக்க முடியாது, இன்னா பண்ணச் சொல்ற? கெணத்துத் தண்ணில பாத்துக்கங்க."

தெரியும் என்றாய். அந்த வார்த்தையை நான் மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதமே கிடையாது.

விடிந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லார் வீட்டுக் குடமும் காலியாகக் கிடந்த நேரம் அது. இருந்த குடிதண்ணீரை ஆளுக்கொரு சொம்பாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன் அம்மாவும் அடுக்களைப் பானையைக் கவிழ்த்துக் கொடுத்தாள். அத்தனையும் சேர்த்து முகத்துக்குத்தான் காணும். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் குழாய்க்கு ஆள் ஓடினார்கள், போய்ச் சேருவதற்குள் அங்கே தண்ணீர் நின்றுபோயிருந்தது. அப்புறம் கிணறுதான். கடற்கரைக் கிணற்றின் லட்சணம் உனக்குத் தெரியாதா? வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு போட்டால் நுரைக்காமல் தயிர் மாதிரி திரிந்து தோலில் ஒட்டும். தேய்க்கத் தேய்க்கக் கரி போகவில்லை, குழம்பாகித் திட்டுத் திட்டாகத் திரண்டது. ஞானம்மா புதுத் துண்டைக் கிழித்துக் காதுக்குள் விட்டுத் துடைத்தாளாம், துண்டு கறுத்ததே தவிரக் காது வெளுக்கவில்லை. முகம் ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாக, வெள்ளை வேட்டி கட்டி அவனைப் படுக்க வைத்தார்கள்.

மத்தியானம் ஆனது. நீ திறக்கவில்லை. இன்னும் ஈரம் என்றாய். சவரியோடு கூடை சுமந்தவர்களில் ஒருவன் வந்து உன் எதிரில் நின்று, "சோமாறி, செத்தவன் காத்துகினு கீறான், உன் ஓடு இன்னா பொழச்சு எழுந்து வரப்போவுதா?" என்று கேட்டான். "கல்யாண வேல அண்ணாத்தே, பேஜாரு பண்ணாத" என்றாயாம். அவன் அடிக்காமல் விட்டது சாவு வீடு என்பதால். சாவியைக் கேட்டார்கள், இடுப்பில் செருகிக்கொண்டு தர மாட்டேன் என்றாய். மாதா கோயில் மணி அடித்தது. கல்லறையில் சாமியார் சொன்ன நேரம் வந்தது. பெட்டியை மூடினார்கள். சந்து குறுகல், பெட்டி உன் முதுகுக்குப் பின்னால் உரசினாற்போலத்தான் போயிருக்க வேண்டும். ஆண்கள் தலைப்பாகையை எடுத்தார்கள். நீ திரும்பவில்லை. உன் கை தாமரையின் மேலேயே இருந்தது. பெட்டி சந்து முனை திரும்பியதும் போய்ச் சாவியைத் திருகினாய். தண்ணீர் வந்தது. நன்றாகவே வந்தது என்று உன் அம்மா சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

நான் இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். சந்துக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவர்தான். விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று, பூ நடுவிலிருந்து குழாய் முளைத்தது போல. ஒரு கோடு இல்லை, ஒரு பிசிறு இல்லை. "பலேடா!" என்று உரக்கச் சொன்னேன். "ஜமாய்ச்சுட்ட!" என்றேன். எதிரே வாசற்படியில் ஞானம்மா தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள், நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்தது. முப்பது வருஷத் தோஸ்து செத்த அன்று, அவன் வாசலில் நின்று, அவனுக்குத் தண்ணீர் கொடுக்காத சுவரை நான் புகழ்ந்தேன். என்னை அப்படிப் புகழ வைத்ததற்கு நான் உன்னை மன்னிக்கவே போவதில்லை.

அன்று நாம் போட்ட சண்டையில் நீ சொன்னதை இங்கே எழுதச் சொல்கிறேன், குழாயடியில் எல்லாரும் கேட்கட்டும். "செத்தவருக்கு இன்னா தெரியப் போவுது நைனா? கரியோ வெள்ளையோ, மண்ணுக்குள்ள போனா எல்லாம் ஒன்னுதான்." நான் கையை ஓங்கினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கெய்வா, கையக் கீழ போடு" என்றாய். பிடித்த கையில் சிமெண்டு காய்ந்திருந்தது. சாவியை என் காலடியில் எறிந்துவிட்டுக் காலடிப்பேட்டைக்குக் கிளம்பிப் போனாய். செத்தவருக்குத் தெரியாதுதான். உயிரோடு இருக்கிறவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சவரி குளித்து வெளுத்து எழுந்த பிறகுதான் சோறு போட்டவள் அவள். வேலை முடிந்து எவ்வளவு நேரமாகி வந்தாலும், பசி என்று கத்தினாலும், குளித்துவிட்டு வந்தால்தான் தட்டு. அதுதான் அந்த வீட்டின் ஒரே சட்டம். அவளிடம் அவனைக் கரியோடு அனுப்பச் சொன்னாய். உனக்கு இது புரியவில்லை என்றால், வரப்போகிற பெண்ணை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அவள் ஒருநாள் உன்னிடம் ஏதாவது கேட்பாள். அப்போதும் உன் கை ஏதோ ஒரு ஓட்டின் மேல் இருக்கும்.

வேலை அழகாக இல்லை என்று நான் சொல்லவில்லை. அழகாக இருப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மோசமாக இருந்திருந்தால் உடைத்துப் போட்டிருப்பேன். இனி எவன் வீட்டில் போய்ச் சுவரைத் தொட்டாலும், அந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் கரண்டியை எடு. இது புத்திமதி இல்லை. கேட்காமல் தொட்டால் எவனாவது உன் கையை ஒடிப்பான், ஒடித்தவன் பக்கம்தான் நான் சாட்சி சொல்வேன்.

நான் அன்றிலிருந்து அந்தக் குழாயில் குளிப்பதில்லை. கிணற்றுத் தண்ணீர்தான். உடம்பெல்லாம் சொறி. உன் அம்மா, "நல்லா வரட்டும், புள்ள மேல இருக்கற கோவத்த தோல் மேல காட்டு" என்கிறாள். ஞானம்மா ரயில்வே கேட்டுக் குழாய்க்குப் போகிறாள். விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நின்று, ஒரு குடம் இடுப்பில், ஒரு குடம் தலையில். நம் சுவர் வரும்போது இடுப்புக் குடத்தை மறுபக்கம் மாற்றிக்கொள்கிறாள், அப்போது முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஒருநாள் வழிமறித்து, "ஏம்மா, வூட்டெதிர்ல கொழா இருக்கும்போது..." என்று ஆரம்பித்தேன். "வேணாம் அண்ணே" என்றாள். "அது ரொம்ப அழகா கீது. அதுல கொடம் வெக்க மனசு வரல." ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உன்னையும் ஏசவில்லை, என்னையும் ஏசவில்லை. அவள் திட்டாததெல்லாம் சேர்ந்து இந்தச் சந்தில் எல்லார் வாயையும் கட்டியிருக்கிறது. குழாயடியில் இப்போது சண்டைகூட வருவதில்லை.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி தண்ணீரை அடைக்கப் போகிறேன். நீ மூடினது போல இல்லை. ஞானம்மா வீடு ஒன்றைத் தவிர வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். அண்டா, குடம், சட்டி எல்லாவற்றிலும் ரொப்பிக்கொள்ளுங்கள், விருந்துச் சமையலுக்கும் வந்தவர்கள் கைகழுவவும் வண்டி வைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். மாப்பிள்ளை குளிக்க மட்டும் ஒரு சொட்டும் எந்த வீட்டிலிருந்தும் அந்த வண்டியிலிருந்தும் வரக் கூடாது என்றேன். யாராவது தயங்குவார்கள் என்று பார்த்தேன். வளையல்காரர் இப்போது கிழமாகிவிட்டார், அந்தக் குழாயில் நெற்றி இடித்துக்கொண்ட அதே ஆள்தான், அவர் சொன்னார்: "என் வூட்ல ஒரு கொடம் இருக்கும் மாமு, அத உன் புள்ள வந்து கேட்டா, இப்பதான் ஒட்டினேன்னு சொல்லிடறேன்." இரண்டு வாசல் தள்ளிச் சிரிப்பு கேட்டது. சவரி செத்த பிறகு இந்தச் சந்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

நலங்கு வைத்து, மஞ்சள் பூசி, தலைக்குத் தண்ணீர் வார்க்காமல் மாப்பிள்ளை மணையில் உட்கார முடியாது. உட்கார விடமாட்டேன். நீ கேட்கக்கூடிய தண்ணீர் ஞானம்மா வீட்டில் மட்டும்தான் இருக்கும், ரயில்வே கேட்டிலிருந்து அவள் சுமந்து வந்த தண்ணீர். நீ போய் அவள் வாசலில் நின்று கேட்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது. உன் அம்மாவை அனுப்பக் கூடாது. இதை உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் பதறிவிட்டாள். "தாலி அறுத்தவ வூட்டுத் தண்ணியா? கல்யாணத்துலயா? உனக்கு இன்னா புத்தி பிசகிப் போச்சா?" என்று கத்தினாள். "அவ தாலி அறுத்த அன்னிக்கு உன் புள்ள இன்னா பண்ணிகினு இருந்தான்னு நீதானே பாத்த" என்றேன். சாயங்காலம் பார்த்தேன், பரண்மேல் இருந்த கல்யாணக் குடத்தை இறக்கிப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். "காலியாத்தான் வெச்சிருப்பேன். ரொப்பறது அவன் பாடு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

ஞானம்மா கொடுப்பாளா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. நான் அவளிடம் இதைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் மாட்டேன். கேட்கிறது உன் வேலை, கொடுக்கிறதும் கொடுக்காததும் அவள் இஷ்டம். "இப்போ முடியாது, மத்தியானத்துக்குள்ள பாக்கலாம்" என்று அவள் சொன்னால் மத்தியானம் வரைக்கும் நில். பெண்வீட்டார் பந்தலில் உட்கார்ந்து உன் தாமரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், அதற்குத்தானே அதை அங்கே வைத்தாய். மேளக்காரர்கள் காத்திருக்கட்டும். மூஞ்சியை மட்டும் துடைத்துக்கொண்டு வந்து மணையில் உட்காரலாம் என்று நினைக்காதே, மூஞ்சியோடு விட்டால் போதுமா என்று சவரியின் கூட்டாளிகள் பந்தல் வாசலிலேயே கேட்பார்கள், அவர்களுக்கும் வெற்றிலை வைத்திருக்கிறேன். அவள் கொடுத்தால், அந்த முதல் குடத்தை அவள் கையாலேயே உன் தலையில் வார்க்கச் சொல். எந்தக் கிழவி மூக்கைச் சுளித்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

முகூர்த்தம் தவறிவிடுமே என்பாய். கல்லறைச் சாமியாருக்கும் ஒரு நேரம் இருந்தது. அன்று எல்லார் நேரமும் தவறி, உன் சிமெண்டின் நேரம் மட்டும் தவறாமல் இருந்தது.

சாவி என் இடுப்பில் இருக்கிறது. படுக்கும்போதும் எடுப்பதில்லை. குடம் வாசலில் கவிழ்ந்திருக்கும், வரும்போது அதை நீயே எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போ. பந்தல் வழியாகப் போகாதே, சுவர் ஓரமாக வா. குழாய் இன்னும் அதே ஒரு முழம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. தலையைக் குனிந்து வரவில்லை என்றால் இடிக்கும்.